அவர் உயரத்துக்குப் போட்ட சீட்டு

என் வீட்டுக்காரர் நல்ல உயரம். எங்கள் பழைய காரை வாங்கியதும், கால் நீட்ட இடமில்லை என்று ஓட்டுகிற சீட்டைக் கழற்றினார். பின்னால் தள்ளி, தரையில் புதிதாக ஓட்டை போட்டு, நாலு போல்ட்டால் முடுக்கிவிட்டார். வேறு யார் உட்கார்ந்தாலும் கிளட்ச் எட்டாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பக்கவாதம் வந்து அவருடைய இடது கையும் காலும் விழுந்த பிறகு, ராயபுரம் ஆஸ்பத்திரிக்குக் கைகால் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. ஆட்டோவின் குலுக்கல் ஆகவில்லை. பாதி நாள் வரமாட்டேன் என்று படுத்துக்கொள்வார். பயிற்சியை விட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்றார் டாக்டர். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆனால் என் உயரத்துக்குச் சீட்டை முன்னால் போட்டாக வேண்டும்.

குனிந்து பார்த்தால் நாலு போல்ட்டும் நீலமாக இருந்தன. எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். மிஞ்சியதைக் கதவு, சைக்கிள் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் பூசுவார்கள். இவர் வருஷா வருஷம் போல்ட்டையும் விட்டுவைக்கவில்லை. பெயின்டுக்கு அடியில், காரில் ஏற்றிய மீன்கூடைகளிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீர் துருவேற்றியிருந்தது. ஸ்பேனர் உட்காரவே இல்லை. மனுஷன் தலையில் ரெண்டு போடலாம் போல வந்தது. அவரோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயின்டைச் சுரண்டினேன். டீசல் ஊற்றி ஊறவிட்டு, சுத்தியலால் தட்டினேன். அப்படியும் கழற்றுகிற பக்கமே மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என்னிடம், முதலில் கொஞ்சம் முடுக்கிவிட்டுத் திருப்பச் சொன்னார் அவர். அப்படிச் செய்ததும் கிரீச்சென்று அசைந்து கொடுத்தது. ஒவ்வொன்றாக வந்தன. நாலாவதும் கழன்றபோது எனக்குச் சந்தோஷமே இல்லை. அவர் இடத்தை அவர் கண்ணெதிரிலேயே பிடுங்கிவிட்டேனே என்று அழுகை வந்தது.

முன்னால் இருந்த பழைய ஓட்டைகளில் சீட்டைப் பொருத்தி, போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவினேன்.

"லூசாவே வெக்கிறேன்யா. நீ எந்திரிச்சதும் பின்னால தள்ளிக்கலாம்."

அவர் பேசியபோது நாக்குக் குழறியது, ஆனாலும் புரிந்தது.

"இந்தாமே, நல்லா டைட்டா வை. இனிமே ஓட்டப்போறது நீதான்."

இருக்கிற பலத்தையெல்லாம் ஸ்பேனரில் போட்டு முடுக்கினேன்.