ஒரே ஜீப்புக்கு மூன்று டோக்கன்

தாலுகா ஆபீஸில் இருந்த காலம் முழுக்க நான் எல்லோருக்கும் நடத்திய பாடம் ஒன்றுதான்: கையில் எடுத்த ஃபைலை முடிக்காமல் அடுத்ததைத் தொடாதே. ஓய்வுபெற்றபின் நானே எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம், சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில், பட்டப்பகலில், அதை மீறியது.

அங்கே ஜீப்புகள் முறைவைத்துத்தான் சவாரி போகும். பட்டனைத் தட்டினால் முதலில் நிற்கும் ஜீப்பின் எண் டோக்கனில் அச்சாகும். அச்சானபின் முறை அடுத்த வண்டிக்கு நகரும். கவுண்டரில் ஓர் அக்கா. அன்று என் புரோகிராமுக்குச் சோதனை நாள். தகராறில்லாமல் ஓடினால் அவருக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கையால் முறை எழுதும் பழைய நோட்டு, பழைய சண்டை, அக்கா திரும்பவும் தேயிலைக் கொழுந்து பறிக்க.

பிரிண்டர் சோம்பேறி. அது அச்சடித்து முடிக்கும்வரை திரை உறைந்து 'பதிலளிக்கவில்லை' என்றது. அரசு ஆபீஸைப் பற்றி ஊர் சொல்வதை என் புரோகிராமே சொல்வதா? அச்சுக்குக் காத்திருக்கும்போது வரிசையில் கிடக்கும் அடுத்த தட்டல்களையும் கவனி என்று ஒரு வரி சேர்த்தேன். திரைக்கு உயிர் வந்தது.

மூன்று குடும்பங்கள் நின்றன. அக்கா படபடவென்று மூன்று தட்டு தட்டினார். மூன்று டோக்கன், மூன்றிலும் ஒரே எண். ஒரே ஜீப்பை இருபது பேர் மொய்த்தார்கள்.

"சார், என் வண்டியை லாரின்னு நெனச்சிருச்சா உங்க கம்ப்யூட்டரு?" என்றார் அந்த ஜீப்காரர்.

"என் முறையை முழுங்கிருச்சுய்யா! அக்கா, நோட்டை எடுங்க!" என்றார் இரண்டாவது ஜீப்காரர்.

அக்காவின் முகம் வெளுத்தது. எனக்கோ, வெட்கம் கெட்டு, சிரிப்பு. ஒவ்வொரு தட்டும் தபால் தட்டில் விழும் மனு. என் குமாஸ்தா, அதாவது புரோகிராம், முதல் மனுவுக்கு முத்திரை வரக் காத்திருந்தபோது, என் உத்தரவுப்படியே தட்டை எட்டிப்பார்த்து இரண்டாவதை எடுத்தான். அதன் நடுவிலேயே மூன்றாவதையும். முறை நகருமுன் மூன்றுக்கும் பழைய எண்ணையே எழுதினான். பிறகு மூன்றையும் முடித்து, முறையை மூன்று தரம் நகர்த்தினான். நடுவில் இரண்டு ஜீப்புகள் அம்போ.

இரண்டு டோக்கன்களைப் பேனாவால் திருத்தி அந்த ஜீப்புகளை அனுப்பினேன். பிறகு புரோகிராமைத் திருத்தினேன்: தட்டியதுமே பட்டன் பூட்டிக்கொள்ளும், முறை நகர்ந்துவிடும், அப்புறம்தான் அச்சு, எல்லாம் முடிந்தபின் பட்டன் திறக்கும். "இப்ப தட்டுங்க அக்கா, தவில் மாதிரி!" தட்டினார். வந்தது ஒரே டோக்கன். மறுபடி தட்டினார்; அடுத்த ஜீப்பின் எண்ணோடு மறுபடியும் ஒன்றே. ஸ்டாண்டே கைதட்டியது.

சாயங்காலம் ஜீப் சங்கச் செயலாளர் வந்து, கவுண்டரிலிருந்த பழைய நோட்டை எடுத்தார். "தகராறு உண்டா?"

இரண்டாவது ஜீப்காரர் என்னைக் காட்டினார். "காலைல ஒண்ணு. அது சார் பண்ணுன கூத்து. அக்கா மேல எழுதிறாதீங்க."

செயலாளர் என் பெயரையே எழுதிக்கொண்டார்: என் வாழ்நாளின் முதல் மெமோ. பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டேன். "அப்ப நாளையிலேருந்து அக்காவுக்கு வேலை நிரந்தரம்" என்று செயலாளர் சொன்னதும், அக்கா அந்த நோட்டை வாங்கி டீ ஃபிளாஸ்குக்கு அடியில் வைத்தார்.