ரஹீம் பாய் புண்ணில் போட்ட உப்பு

இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகுதான், புண்ணுக்குக் கட்டுப் போடும் எங்கள் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸிங் ரூமுக்கு அந்த ஜெல் வந்தது. மருந்து கம்பெனிக்காரர் 'குரோத் ஃபாக்டர்' என்றார். நம் உடம்பிலேயே ஊறும் ஒரு புரதம்தான். புதுத் தோல் வளரத் தூண்டிவிடும். டியூபை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு அதையும் போட்டுப் பார்த்துவிட்டால் மிச்சம் கத்திதான்.

முதல் டியூப் ரஹீம் பாய்க்கு. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் பச்சைத்தோலுக்கு உப்புப் போடும் வேலை, இருபது வருடமாக. வலது கால் பெருவிரலுக்கு அடியில் குழி. காலை ஊன்றக் கூடாது என்று மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தார்; கட்டு மாற்ற மட்டும் எங்களிடம் வருவார்.

"எப்ப சிஸ்டர் நடப்பேன்? மசூதிக்குப் போற வழியே மறந்துடும் போல இருக்கு" என்பார்.

மூன்று வாரமாகியும் புண் கொஞ்சமும் சுருங்கவில்லை. டாக்டர் சொல்லிவிட்டார்: "இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். அப்புறம் முன்பாதத்த எடுத்துட வேண்டியதுதான்."

அடுத்த முறை கட்டைப் பிரித்தேன். ஈரமாக இருக்க வேண்டிய துணி அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஓரத்தில் வெள்ளைத் துகள்.

"இன்னா பாய் இது?"

"உப்பு தான். தெனம் அவுத்து, உப்பு தூவி, வெயில்ல காட்டிட்டு மறுபடி கட்டிக்கிறேன். இங்க வர்ற அன்னிக்குத் தொடச்சிட்டு வருவேன், இன்னிக்கு மறந்துட்டேன். ஈரமா உட்டா தோல் அழுகிடும் சிஸ்டர். எனக்குத் தெரியாதா?"

"எரியலயா?"

"கால்ல சொரணையே இல்லயே."

கோபம் தலைக்கேறியது. திட்டத்தான் வாயைத் திறந்தேன்; வந்தது வேறு.

"பாய், டேனரிக்கு வர்றது செத்த தோல். இது உயிரோட இருக்கு. காய வெச்சா வளராது."

அவர் குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "இன்னும் உயிரோடவா இருக்கு?"

அதற்குப் பிறகு பாய் வீட்டில் கட்டை அவிழ்க்கவில்லை. இரண்டு வாரத்தில் ஓரம் சிவந்து துளிர்த்தது. டாக்டர் கத்திப் பேச்சை விட்டார். சில மாதத்தில் புண் மூடியது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, மருந்து கேட்கவில்லை என்றால் மருந்தை மட்டும் சந்தேகப்படாதீர்கள். வந்தவர் என்ன தொழில் செய்கிறார், வீட்டில் புண்ணை என்ன செய்கிறார் என்று கேளுங்கள். நான் மூன்று வாரம் கேட்காமல் இருந்தேன்.

கடைசி நாள் பாய் இரண்டு காலையும் ஊன்றி நின்று, "வர்றேன் சிஸ்டர்" என்றார். ஆஸ்பத்திரியில் யாரிடமும் 'போய்ட்டு வாங்க' என்று சொல்வதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் திரும்பி வரவேயில்லை. வரக் கூடாது என்பதற்காகத்தானே அத்தனை பாடும். இருந்தாலும் அந்தக் கால் மசூதிக்கு நடந்து போவதை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று இன்றும் ஏக்கமாக இருக்கிறது.