கடல் சாமந்திக்கு ஒரு விளக்கு

பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்தவர்களுக்கெல்லாம் அவள் முகம் தலைகீழாகத்தான் தெரியும். ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் குழாய், மறு கையில் விளக்கின் கைப்பிடி என்று, இருபத்தாறு வருஷமாகத் தலைமாட்டில் நிற்கிறாள். டாக்டர் பல்லைப் பார்க்குமுன் இவள் வெளிச்சத்தைப் பார்த்துவிடுவாள். அது ஒரு விரற்கடை மேலே ஏறினால் படுத்திருப்பவர் கண்ணை இடுக்கிக்கொள்வார், கீழே இறங்கினால் கடைவாய் இருண்டுவிடும். குழந்தைகள் வைத்த 'லைட் அக்கா' என்ற பேர் பெரியவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயதாகியும் எல்லோருக்கும் அக்காதான்.

நாற்காலிக்குப் போகப் பயந்து அழுகிற குழந்தைகளை அவள் முதலில் அழைத்துக்கொண்டு போவது காத்திருக்கும் அறையிலிருந்த கண்ணாடித் தொட்டிக்கு. இரண்டடி நீளம், கடல் தண்ணீர், நாலைந்து பாறைத் துண்டுகள், இரண்டு கோமாளி மீன்கள். நடுப்பாறையில் ஒரு கடல் சாமந்தி. பூ மாதிரி இருக்கும், ஆனால் பூ இல்லை, உயிருள்ள பிராணி. தேன்நிறத்தில் விரல் விரலாக நீட்டி, நுனியில் குமிழ் குமிழாகப் பருத்து, தண்ணீர் அசைகிற பக்கமெல்லாம் அசையும். பெரிய மீன் அதற்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். சனிக்கிழமைதோறும் பல் வைத்தியச் சாமணத்தால் ஓர் இறால் துணுக்கை எடுத்து லைட் அக்காதான் ஊட்டுவாள்.

டாக்டர் வயதாகிவிட்டதென்று கிளினிக்கை ஒரு இளம் டாக்டரம்மாவிடம் ஒப்படைத்தார். வந்தவருக்குத் தொட்டி இருந்த இடத்தில் இன்னும் நாலு நாற்காலி போட வேண்டும்.

"நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று பெரியவர் கேட்டார். "வெளியே கொடுத்தா யார் கையில போய் மாட்டுமோ."

"எடுத்துக்கறேன் சார்" என்று சட்டென்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அண்ணன் ஞாபகம் வந்தது.

அண்ணனுக்கு அறுபத்தொன்று. பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் முப்பது வருஷம் வெல்டர். பற்றவைக்கிற தீப்பொறி பட்டுப் பட்டுக் கெட்டதோ, தானாகவே வந்த வியாதியோ, விழித்திரை பழுதாகிப் போனது. பார்வை முழுதாகப் போகவில்லை, ஆனால் வெளிச்சம்தான் ஆகாது. பளிச்சென்று ஏதாவது பட்டால் ஊசி இறக்கின மாதிரி வலிக்கும், அரைநாள் தலையைத் தூக்க முடியாது. அண்ணி காலமான பிறகு, ஆறு வருஷத்துக்கு முன்பு, அவள்தான் அவரைத் தன் மாடி வீட்டுக்கு அழைத்து வந்தாள். அன்றைக்கே கூடத்து ஜன்னலுக்குக் கனத்த திரை ஏறியது. ஜன்னல் ஓரத்து ஏழு பூச்செடிகளும் கீழ்வீட்டு வாத்தியாரம்மா வீட்டுக்குப் போயின. இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

தொட்டி வந்து இறங்கிய அன்று அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தார்.

"என்ன பாப்பா, வீட்டுக்குள்ள கடலையே கொண்டுவந்துட்ட?" என்றார். அவருக்கு அவள் இன்னமும் பாப்பாதான்.

"சின்னக் கடல்தாண்ணா. சத்தம் வராது."

கிளினிக்கில் கூரையோடு பொருத்தியிருந்த பழைய விளக்கு கழற்றும்போதே உடைந்து போயிருந்தது. அண்ணனுக்கும் நல்லதாயிற்று என்று, படிக்கிற மேஜை விளக்கைத் தொட்டிமேல் சாய்த்து வைத்தாள். மீன்கள் ஒரு குறையுமில்லாமல் நீந்தின. சாமந்தி மட்டும் முகம் கொடுக்கவில்லை. முதல் வாரம் சுருங்கிக் கிடந்தது. இரண்டாம் வாரம் காம்பை நீட்டி நீட்டி மேலே எதையோ தேடியது. மூன்றாம் வாரம் தேன்நிறம் போய்ச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. பெரிய மீன் அதை விட்டுவிட்டு ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொண்டது.

செயற்கைக் கடல் தண்ணீருக்கு உப்பு விற்கிற ஒரு மீன்கடை ஊரின் மறுகோடியில் இருந்தது. கடைக்காரரை எல்லோரும் உப்புக்காரர் என்பார்கள். குண்டான மனிதர், பேசினால் நிறுத்த மாட்டார். அவள் போனில் காட்டிய படத்தைப் பார்த்ததும் வாயடைத்துப் போனார்.

"என்ன லைட் போட்டிருக்கீங்க?"

சொன்னாள்.

"அக்கா, இது பாதி செடி மாதிரி. இது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. அதுதான் வெளிச்சத்துல சமைச்சு இதுக்குப் போடுது. நீங்க அடுப்பையே அணைச்சுட்டீங்க. பாசி வெளியேறிடுச்சு, அதான் வெள்ளை."

"பொழைக்குமா?"

"பொழைக்கும். ஆனா எடுத்த எடுப்புல முழு வெளிச்சத்தையும் போட்டா கருகிடும். கால்வாசியில ஆரம்பிச்சு, வாரத்துக்குக் கொஞ்சமா ஏத்தணும். குட்டிக் குட்டியா இறால் ஊட்டுங்க."

மூன்று வகை விளக்குகளை எரித்துக் காட்டினார். குழல்விளக்கு வரிசை ஒன்று, எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும். பலகை மாதிரி தட்டையான எல்.இ.டி. ஒன்று, வெள்ளையும் நீலமும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். கடைசியில் குவிவிளக்கு ஒன்று, கைக்கு அடக்கமாக, அதிலும் நிறம் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் ஒரே இடத்தில்தான் விழும். இரண்டடித் தொட்டிக்குப் பலகைதான் சரி என்று அவர் சொல்ல, அதையே வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கால்வாசியில்தான் வைத்தாள். கூடத்துச் சுவரெல்லாம் நீலம் பாய்ந்தது. தண்ணீர் குடிக்க வந்த அண்ணன் வாசற்படியிலேயே நின்று, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். திரும்பித் தடவித் தடவி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள். சாயங்காலம் வரை அந்தக் கதவு திறக்கவில்லை.

பிறகு ஒரு தந்திரம் செய்து பார்த்தாள். அண்ணன் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். அந்த மூன்று மணி நேரம் மட்டும் விளக்கு தானாக எரிந்து அணையும்படி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாமந்திக்கு அது போதவில்லை. இருந்த பாறையை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தது. நத்தையைவிட மெதுவாக, ஆனால் நிற்காமல், வெளிச்சம் தேடி நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது தண்ணீரைச் சுழற்றுகிற பம்பின் வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் உள்ளே இழுத்து அரைத்திருக்கும். பம்பின் வாயில் அவள் ஸ்பாஞ்சைச் சுற்றிக் கட்டினாள்.

உப்புக்காரருக்குப் போன் செய்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். "நீங்களே எடுத்துக்கோங்க. நாளைக்கு மத்தியானம் கொண்டுவர்றேன். என்கிட்ட இருந்தா செத்துடும். இல்லீங்க, லைட்டு நல்லாத்தான் இருக்கு... வீட்ல முடியல."

காலையில் அவள் எழுந்து வந்தபோது அண்ணன் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டறைப் பெட்டி திறந்து கிடந்தது. முகத்தில், கேஸ் வைத்து இரும்பு வெட்டும்போது போடுகிற கரும்பச்சைக் கண்ணாடி. தொட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா! என்ன பண்ற? கண்ணு வலிக்கப் போகுது!"

"முதல்ல வெல்டிங் முகமூடியைப் போட்டுப் பார்த்தேன். மீனும் தெரியல, தொட்டியும் தெரியல. சுவத்துல முட்டிக்கிட்டதுதான் மிச்சம்." நெற்றியைத் தடவிக்கொண்டார். "இதுல தெரியுது. இதுவா அது? வெள்ளையா, சலவைக்குப் போட்ட மாதிரி?"

"அதுதான்."

"நேத்து போன்ல பேசினதைக் கேட்டேன்."

அவள் பட்டறைப் பெட்டியை ஓரமாக நகர்த்தினாள்.

"செடியைக் கொடுத்த. ஜன்னலைக் கொடுத்த. இப்ப இதையும் கொண்டுபோய்க் கொடுக்கப் போறியா?" அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "நான் கேட்டேனா பாப்பா? ஒரு தடவையாவது என்கிட்ட கேட்டியா நீ? முப்பது வருஷம் வெளிச்சத்தோட குடும்பம் நடத்தினவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ சரின்னு சொல்லிட்டு, உள்ள போய் வலியோட படுத்துக்குவ. எனக்குத் தெரியாதா?"

அவள் தரையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எது வலிக்குது? தொட்டி பளபளன்னு இருக்கறதா, இல்ல மேல இருக்கற விளக்கா?"

அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலிடுக்கு வழியே பார்த்து, மறுபடி இறக்கினார். "தண்ணிக்குள்ள இருக்கற வெளிச்சம் பரவாயில்ல. ஓரத்துல ஒழுகி வருது பாரு, அதுதான் குத்துது. அதுலயும் அந்த நீலம் இருக்கே, அது ஊசி."

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இருபத்தாறு வருஷமாகக் கை செய்கிற வேலை, தலைக்கு ஏறாமல் போயிற்றே!

"அண்ணா, நான் கிளினிக்ல தினமும் என்ன பண்றேன்? வாயில விழணும், கண்ணுல விழக்கூடாது. அவ்வளவுதானே? நான் போய் இந்தப் பலகையை வாங்கிட்டு வந்திருக்கேன் பாரு, ஊருக்கே வெளிச்சம் போடறதுக்கு!"

மத்தியானம் உப்புக்காரர் கடைக்கு அவள் சாமந்தியைக் கொண்டுபோகவில்லை, பலகை விளக்கைத்தான் கொண்டுபோனாள். மாற்றிக் கையடக்கக் குவிவிளக்கை வாங்கினாள். உப்புக்காரருக்கு ஒரே சந்தேகம். "அது ஒரு இடத்துலதானே விழும்? மத்த இடமெல்லாம் இருட்டா இருக்குமே?"

"அதுக்குத்தாங்க வேணும்."

"நடக்கற பிராணியாச்சே அக்கா, வேற பக்கம் போயிட்டா?"

"வெளிச்சத்தைத் தேடித்தானே நடக்குது. வரும்."

அண்ணன் அலுமினியத் தகடு கேட்டார். இரும்பு கூடாது, உப்புக்குத் துருவேறிவிடும். தன் இருட்டறையில் உட்கார்ந்து, விரலாலேயே அளந்து, தகட்டை மடக்கி, ஆணி அடித்து இறுக்கி, கவிழ்த்த பெட்டி மாதிரி ஒரு மூடி செய்தார். "தகடு மடக்கறதுக்குக் கண்ணு எதுக்கு?" என்று பெருமை வேறு. விளக்குச் சூடு போக மேலே நாலு கீறல் போட்டார், அதிலும் வெளிச்சம் நேராக வெளியே வராதபடி ஒவ்வொரு கீறலையும் செதில் மாதிரி வளைத்துவிட்டார். உள்பக்கம் கறுப்பு அடித்தார். அவள் விளக்கை ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, கூடத்தில் அண்ணன் உட்காரும் நாற்காலிப் பக்கம் பார்க்காமல், இடது ஓரத்துப் பாறைக்குத் திருப்பினாள். அண்ணன் தன் நாற்காலியில் உட்கார்ந்து, "கொஞ்சம் உள்ள... இன்னும்... நிறுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கூடத்தில் உட்கார்ந்து ஒரு விளக்கு எரிவதைப் பார்த்தார், பச்சைக் கண்ணாடி இல்லாமல்.

சாமந்திக்கு நீலம்தான் முக்கியமான சாப்பாடு என்று உப்புக்காரர் சொல்லியிருந்தார். அதனால் ஓர் ஏற்பாடு. மத்தியானம் அண்ணன் தூங்கப் போகும்போது நீலம் ஏறும், எழுந்திருக்குமுன் இறங்கிவிடும். காலையிலும் சாயங்காலமும் மெல்லிய வெள்ளை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு புள்ளி கூட்டுவார்கள். கூட்டியதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு அவர் சும்மா தலையாட்டியதைப் பார்த்துவிட்டு, "பொய் சொல்ற, புருவம் சுருங்குது" என்று அவள் குறைத்துவிட்டாள்.

பத்து நாள் சாமந்தி கண்ணாடியை விட்டு நகரவில்லை. பதினோராம் நாள் அவள் கிளினிக்கில் இருக்கும்போது போன் வந்தது. அண்ணன் அவளுக்கு வேலை நேரத்தில் போன் செய்ததே கிடையாது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எடுத்தாள்.

"என்னண்ணா, என்ன ஆச்சு?"

"வந்துடுச்சு பாப்பா. இடதுபக்கப் பாறைக்கு. விளக்குக்கு நேர் கீழ, அளந்து வெச்ச மாதிரி உட்கார்ந்திருக்கு."

நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒரு அம்மா படுத்திருந்தார். டாக்டரம்மா, "வீட்ல எல்லாம் நல்லபடியா?" என்று கேட்டார். "நல்லபடி டாக்டர்" என்று சொல்லி விளக்கைத் திருப்பும்போது லைட் அக்காவின் கண்ணுக்குத்தான் கடைவாய் கலங்கலாகத் தெரிந்தது.

நிறம் அவ்வளவு சுலபமாகத் திரும்பவில்லை. இரண்டு மாதம் வெள்ளையாகவேதான் இருந்தது. இறால் துணுக்கைச் சில நாள் வாங்கிக்கொள்ளும், சில நாள் துப்பிவிடும். ஊட்டுகிற வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார். சாமணத்தைப் பிடித்து, கண்ணால் பாதியும் கைப்பழக்கத்தால் பாதியுமாக, அதன் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பார். "சாப்பிடுடா, அடம் பிடிக்காத" என்று அவர் கெஞ்சுவது அடுக்களை வரை கேட்கும். மூன்றாம் மாதம் அடியில் லேசாக மண்நிறம் ஏறியது. ஐந்தாம் மாதம் தேன்நிறம். பெரிய மீன் முதலில் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து ஓடியது, பிறகு ஒருநாள் ஒன்றுமே நடக்காதது போல உள்ளே புகுந்து படுத்துக்கொண்டது. கீழ்வீட்டு வாத்தியாரம்மா வாரம் ஒருமுறை பார்க்க வர ஆரம்பித்தார். அண்ணன் அவருக்குப் பாசியின் கதையைச் சொல்வார், பேச்சில் உப்புக்காரரே தோற்றார்.

எட்டாம் மாதம் ஒரு விடுமுறை நாள் காலையில் அண்ணன் அவளைக் கூப்பிட்டார். சாமந்தி நடுவே இழுபட்டு, எட்டு என்ற எண் மாதிரி நெளிந்து கிடந்தது. அவள் பதறிப்போய் உப்புக்காரருக்குப் படம் அனுப்பினாள். "தொடாதீங்க, ரெண்டாப் பிரியுது" என்று பதில் வந்தது. மத்தியானத்துக்குள் பாறையில் இரண்டு சாமந்திகள் இருந்தன. ஒன்று விளக்குக்கு நேர் கீழே. மற்றது சில நாளில் மெல்ல நகர்ந்து வலது பக்கத்துப் பாறையில் போய் ஏறிக்கொண்டது. அங்கே வெளிச்சமே போதாது.

"இன்னொரு குவிவிளக்கு வாங்கணும்" என்றாள்.

"வலது பக்கம் வெச்சா நேரா என் நாற்காலிக்கு வரும்."

"அப்ப அந்தச் சாமந்தியை நடுவுக்கு நகர்த்தறேன்."

"அது நாம சொல்ற இடத்துக்கு நகராது, நீதான் பார்த்தியே. நாற்காலியை நகர்த்து."

அவள் நாற்காலியைத் தூக்க, அவர் ஒரு கையால் சுவரையும் மறு கையால் அவள் தோளையும் பிடித்துக்கொண்டு, "இங்க வேண்டாம், ஃபேன் காத்து வராது, இன்னும் கொஞ்சம் அந்தாண்ட" என்று கூடம் முழுக்க நடத்திக்கொண்டிருந்தார்.