சலவைத் தொட்டியின் சூடு, ஆங்கிலத்தில்

சலவைப் பட்டறைக்கு வேதியியல் பட்டதாரி எதற்கென்றால், எல்லோரும் அறிந்ததை ஒருவருக்கும் விளங்காத ஆங்கிலத்தில் எழுதுவதற்கு. முதலாளி பெயரில் அறிக்கை எழுதிப் பிழைப்போரே, அறுபதுகளில் திருப்பூரில் நான் பட்டது உங்களுக்குப் புதிதாக இராது.

நாலு வரி

வெளுப்பு மருந்து கலந்த தொட்டி நீரின் வெப்பநிலை உயர உயரப் பனியன் துணி விரைந்து வெளுக்கும். ஓர் அளவைத் தாண்டினால் இழையின் வலிமை குன்றும். இதை, எத்தனை டிகிரி முதல் எத்தனை டிகிரி வரை என்று வரம்பிட்டு என் முதல் அறிக்கையில் எழுதினேன். பொருளைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட முதலாளி முகம் சுளித்தார். "ஏனுங்க அம்மிணி, சூடானா சீக்கிரம் வெளுக்கும், ரொம்பச் சூடானா நைஞ்சு போகும். இதுக்கா நாலு வரி?"

கையும் கருவியும்

தொட்டி பார்க்கும் குப்புசாமி வெப்பமானியைத் தொட்டதில்லை. நீரில் கையை விட்டுப் பார்ப்பார்; கோடையில் துணியை முன்னதாகவே தூக்கிவிடுவார். நம்பாமல் மூன்று நாள் வெப்பமானியோடு பின்தொடர்ந்தேன். கை சொன்னதையே கருவியும் சொன்னது. தோற்றேன் என்று ஒப்புக்கொண்டபோது அவர் சொன்னார்: "அந்தக் கண்ணாடிக் குச்சிதானுங்க பொழைச்சுக்கும். அதுக்குத் தோல் உரியறதில்லை."

கடிகாரம்

அடுத்து வந்த சித்திரையில் முதலாளி தொட்டிக்கு எதிரே சுவர்க் கடிகாரம் மாட்டினார். எந்தப் பருவமானாலும் துணி மூன்று மணி நேரம் ஊற வேண்டும் என்பது உத்தரவு. குப்புசாமி வேண்டாமென்றார், முதலாளி செவிகொடுக்கவில்லை. ஒரே மாதத்தில், விரல் பட்டாலே கிழிகிறது என்று பம்பாயிலிருந்து பனியன்கள் மூட்டை மூட்டையாகத் திரும்பின. காரணத்தை அறிக்கையாகக் கேட்டிருந்தார் வியாபாரி. "குப்புசாமி அசட்டையா இருந்துட்டான்னு எழுதிப்போடுங்க அம்மிணி. அவனை நிறுத்தீட்டோமுன்னும் சேர்த்துக்குங்க" என்றார் முதலாளி.

நான் எழுதவில்லை. ஒரே துணியை வெவ்வேறு சூட்டில் மூன்று மணி நேரம் ஊறவைத்து, எவ்வளவு எடையைத் தொங்கவிட்டால் அறுகிறது என்று பார்த்து, வரைபடத் தாளில் கோடு வரைந்தேன். மார்கழிச் சூட்டில் மட்டமாகச் சென்ற கோடு, சித்திரைச் சூட்டில் கிணற்றில் விழுந்ததுபோல் சரிந்தது. வெப்பநிலை உயர்ந்தால் ஊறும் நேரம் குறைய வேண்டும், குறைக்காததே சேதத்துக்குக் காரணம் என்று அடியில் ஆங்கிலத்தில் எழுதி, "இதில் கையெழுத்திடுங்கள், இல்லையேல் குப்புசாமியோடு என்னையும் நிறுத்திவிடுங்கள்" என்றேன்.

சரிந்த கோட்டை விரலால் அடிவரை தொடர்ந்து பார்த்துவிட்டு முதலாளி கையெழுத்திட்டார். மறுநாள் கடிகாரம் அலுவலக அறைக்குப் போயிற்று. குப்புசாமி தொட்டியருகிலேயே இருந்தார். அறிக்கையை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"இதைத்தானுங்க கடியாரம் மாட்டுன அன்னிக்கே நான் சொன்னேன். கோடு போட்டுச் சொல்லலீங்க, அதுதான் என்ற தப்பு."

வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தாலும் மாறாத பொருள் ஒன்றை என் பணிக்காலத்தில் கண்டறிந்தேன்: முதலாளியின் காது.