போன வருஷத்துத் தியானம்

எங்கள் வீட்டில் எப்போதும் போன வருஷத்துத் தியானம்தான் ஓடும். மெட்ராஸிலிருந்து கப்பலேறும் தினத்தியானப் புத்தகம் ஃபிஜியில் எங்கள் ஊரான பினாங்குக்கு (மலேசியாவில் இருப்பது வேறு பினாங்கு) வந்துசேர்வதற்குள் அதன் வருஷமே முடிந்துவிடும். தேதி சரியாக இருந்தால் போதும், கர்த்தருக்கு வருஷக் கணக்கு கிடையாது என்பார் அப்பா.

விடியலில் அம்மாவின் மடியில் படுத்தபடி கேட்பேன். சர்க்கரை ஆலையிலிருந்து பாகு வாசம் வரும். எரித்த கரும்புத் தோகையின் கரி இழை இழையாக மிதந்துவந்து மேசைமேல் உட்காரும். எனக்கு வாயில் வருவது ஹிந்திதான், அம்மாவுக்கு இரண்டும் கலந்து வரும். அப்பாவின் தமிழில் பாதி புரியும், மீதி தூக்கத்தில் கரைந்துவிடும். வாசித்து முடித்ததும் அவர் வேதத்தைத் திறந்து, அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் பார்ப்பார். எழுதியவர் தன் இஷ்டத்துக்கு நீட்டியிருந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

"வசனம் ஆண்டவரோடது, மத்ததெல்லாம் அந்த மனுஷனோடது" என்பார்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்து, எங்களைப் போன்ற இந்திய வம்சத்தவரை மிரட்டிய வருஷம் அது. தெரிந்தவர்களெல்லாம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று கிளம்பினார்கள். ஆக்லாந்திலிருந்து மாமா எங்களையும் கூப்பிட்டார். அம்மா போகத் துடித்தாள். அப்பா அசையவில்லை.

ஒரு நாள் காலை, பிறந்த தேசத்தை விட்டுப் புறப்படச் சொல்லும் வசனம் வந்தது. இதை இன்று வாசிக்கும் உனக்கும் இதே கட்டளைதான் என்று கீழே எழுதியிருந்தது. அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"ஆண்டவரே சொல்லிட்டாரு. போவோம்."

நான் துள்ளி எழுந்தேன். விமானம்!

அம்மா பென்சிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இதுக்கும் போடுங்க. போன சால் எழுதினவருக்கு நம்ம வீட்டு சங்கதி என்ன தெரியும்? கிதாப் சொல்லிச்சுன்னு வராதீங்க. நீங்களா வரேன்னா வாங்க."

அப்பா கேள்விக்குறி போட்டுவிட்டு வேலைக்குப் போனார். கைக்கு வந்த விமானத்தைத் தட்டிவிட்டாளே என்று அம்மாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஆலையில் அந்த வருஷத்துக் கரும்பு அரவை முடிந்த பிறகு ஒரு சாயங்காலம், கால் கழுவிக்கொண்டே, "நான் வரேன்" என்றார் அப்பா. அம்மா அழுதாள். கேட்டது கிடைத்த பிறகு எதற்கு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை.

ஆக்லாந்தில் அப்பா குளிரில் நடுங்கிக்கொண்டே கிடங்கில் பெட்டி தூக்கினார். பினாங்கை நினைத்து வாய்விட்டே ஏங்கினார். ஆனால் உன்னால்தானே வந்தோம் என்று அம்மாவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, ஆண்டவரிடமும் சொன்னதில்லை. அப்பாவுக்குக் கோபமே வராது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.