நாற்றத்தைத் திருப்பிக் கொடுத்த கர்த்தர்

கர்த்தருக்குள் அன்பான அக்கா தங்கைகளே, இன்றைக்கு நான் ஒரு நாற்றத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். ஆம்பூரில் குடியிருந்துகொண்டு நாற்றத்துக்குப் பயந்தால் ஆகுமா என்று கேட்பீர்கள். நான் பயந்தேன். உயிர் போகிற அளவுக்குப் பயந்தேன்.

நான் ஒடுகத்தூர்ப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் வளர்ந்தவள். என்னைக் கட்டிக்கொண்டவர் பெயர் ஞானமுத்து. இங்கே தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்துக் கட்டைமேல் போட்டு மயிர் வழிப்பார். பெண் பார்க்க வந்தபோது வெள்ளை வெளேரென்று வேட்டி கட்டி, ஞானப்பாட்டுப் புஸ்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த வேட்டி இரவல் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம். முற்றத்து அடுப்பில் கஞ்சி வெந்துகொண்டிருந்தது. மேலே பறந்த காக்கை எதையோ நழுவவிட்டது. அது நேராகப் பானைக்குள் விழுந்தது. கரண்டியால் எடுத்துப் பார்த்தேன். தோல் துண்டு. ஒரு பக்கம் மயிர், மறு பக்கம் வெளுத்த சவ்வு, அதில் புழு. வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

அன்று பிடித்தது சனி. அதற்கப்புறம் அவர் வாசலில் கால் வைத்தாலே எனக்குக் குமட்டும். அழுகின சதை, சுண்ணாம்பு, ஈர மயிர், எல்லாம் சேர்ந்து அடிக்கும். அவர் சீயக்காய் போட்டுக் குளித்தார். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டார். எலுமிச்சம்பழமும் நாறியது, அவ்வளவுதான். கடைசியில் பாவம், தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்ச் சாப்பிடப் பழகிக்கொண்டார். படுக்கையும் அங்கேதான். ஒருமுறை நான் தாய் வீட்டில் இருந்தபோது பார்க்க வந்தார். குளித்து, புது வேட்டி கட்டி வந்த மனுஷனிடம் அங்கேயும் அதே நாற்றம். அம்மா தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாள். என்னை வாழவைப்பதற்காகப் பொய் சொல்லுகிறாள் என்று நினைத்தேன்.

நான் சரியாகச் சாப்பிடாததால் முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. மறு வருஷம் திரும்பவும் முழுகாமல் இருந்தேன். மருத்துவச்சி என் கண் இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை, இப்படியே போனால் இந்தப் பிள்ளையும் தங்காது என்று சொல்லிவிட்டாள். நான் தின்ன நினைத்தேன். வாய் வரைக்கும் போகும். அவர் நினைப்பு வரும். துப்பிவிடுவேன்.

முழங்கால் போட்டு ஜெபித்தேன். ஆண்டவரே, இந்த நாற்றத்தை எடுத்துப் போடும். தோல் ஷாப்பை இடித்துப் போட்டாலும் சரி. என் பிள்ளை பிழைக்கவேண்டும். தினமும் இதே ஜெபம்தான்.

ஐரோப்பாவில் நடந்த பெரிய சண்டை முடியப்போகிற சமயம் அது. ஐப்பசி மாதம். ஊரெல்லாம் ஒரு பாழாய்ப்போன காய்ச்சல் பரவியது. எத்தனையோ வீடுகளில் பிணம் தூக்க ஆள் இல்லை. நானும் படுத்தேன். பிழைத்து எழுந்தேன், பிள்ளையும் வயிற்றில் தங்கியது. அதற்கே ஆயுசெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லலாம்.

எழுந்து நடமாடிய பிறகு ஒரு நாள் அடுப்பில் சோற்றை ஏற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து மறுநாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு ஜைத்தூன் ஓடி வந்தாள்.

"இன்னாம்மா, சோறு அடிப்பிடிச்சு தெருவே நாறுது, நீ குந்திக்கினு இருக்கே. மூக்கை அடகு வச்சுட்டியா?"

எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கருவாட்டை எடுத்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. பெருங்காயம், மண்ணெண்ணெய், ஒன்றுமில்லை. காய்ச்சல் என் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. அப்போதுதான் புரிந்தது, கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார்! ஊரை இடிக்காமல் மூக்கை அடைத்துவிட்டார். பாட்டுப் பாடிக்கொண்டே மறுபடி உலை வைத்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன். அவருக்கு வீட்டுக்குள்ளேயே பாய் விரித்துக் காத்திருந்தேன்.

சாயங்காலம் அவர் வந்து நிலைப்படியில் நின்று தலைப்பாகையை அவிழ்த்தார். அழுகின சதை, சுண்ணாம்பு, ஈர மயிர். ஒன்று குறையாமல் அடித்தது. விரித்த பாய்மேலேயே வாந்தி எடுத்தேன்.

கருவாடு தெரியாத மூக்குக்கு இவர் மட்டும் எப்படித் தெரிவார்? மூக்குதான் செத்துப்போயிற்றே, அப்படியானால் முகர்ந்தது எது? அழுதுகொண்டே அவரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சோற்றுத் தட்டை என் மடியில் வைத்து, சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

"நான் வெளிய போறேன். எப்ப உள்ள வர்றேன்னு நாத்தத்த வச்சு சொல்லு, பாக்கலாம்."

நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பசித்தது, சாப்பிட ஆரம்பித்தேன். பாதித் தட்டு காலியானதும், எங்கே இருக்கிறீர்கள் என்று குரல் கொடுத்தேன்.

"இங்கதான். ரொம்ப நாழியா உன் பின்னால குந்திக்கினு இருக்கேன்."

திரும்பி அவர் கையைப் பார்த்தேன். பார்த்ததும் நாற்றம் எழும்பிவிட்டது.

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. தோல் ஷாப்பின்மேல் இருந்த அருவருப்பெல்லாம் என்மேலேயே திரும்பியது. காக்கை என்றைக்கோ போட்ட துண்டை மண்டைக்குள் ஊறப்போட்டு வைத்திருக்கிறேன். இந்த மனுஷனைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு பிள்ளையையும் கொடுத்துவிட்டேன்.

ஆண்டவரே, நாற்றம் வெளியே இல்லையே, இந்த மண்டையை நான் என்ன செய்வேன் என்று அங்கேயே ஜெபித்தேன். வானத்திலிருந்து சத்தம் ஏதும் வரவில்லை. வந்தது என்று சொன்னால் பொய். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையைப் பிடி என்று ஒரு எண்ணம் மட்டும் வந்தது. பிடித்தேன். விரல் நுனிகளில் சுண்ணாம்பு தின்ற பள்ளங்கள். உள்ளங்கை முழுக்க வெடிப்பு, சில இடத்தில் ஈரமாக இருந்தது. எத்தனை நாளாய் இப்படி என்று கேட்டேன். அது எப்போதுமே அப்படித்தான் என்றார். ஒரே கூரையின்கீழ் இருந்தும் எனக்குத் தெரியாது.

தடவித் தடவித் தேங்காய் எண்ணெயை எடுத்து ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்தேன். எரிந்திருக்கும், கையை இழுத்தார், நான் விடவில்லை. ஒரு கை முடிந்ததும் கண்ணைத் திறந்தேன். நாற்றம் வரும் என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். வரவில்லை. புண்தான் தெரிந்தது. மற்றக் கைக்குக் கண்ணைத் திறந்துகொண்டே எண்ணெய் போட்டேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் அவர் வரும்போதே வயிறு புரளும். உடனே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். அடங்கிவிடும். அப்புறம் சாப்பிடுவேன். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல கனமான பிள்ளை, தெருவே கேட்கிற மாதிரி அழுதது.

ஆனால் மூக்கு திரும்பவில்லை. திரிந்த பால் தெரியாது. பிள்ளை துணியை அசிங்கமாக்கினால் தெரியாது. எதற்கெடுத்தாலும் ஜைத்தூனைக் கூப்பிடுவேன். அவள் பேஜாராகிப் போனாள். எதை எடுத்துப் போடச் சொல்லிக் கதறினேனோ அதையே திருப்பிக் கொடும் என்று கெஞ்ச ஆரம்பித்தேன். கர்த்தர் சிரித்திருப்பார்.

ஆடி மாதம், நல்ல காற்று. அவர் வேலையிலிருந்து வந்து, உள்ளே என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை என் மடியில். திடீரென்று குப்பென்று அடித்தது. அழுகின சதை, சுண்ணாம்பு, ஈர மயிர். பக்கத்திலேயே அடிப்பிடித்த குழம்பு, பிள்ளையின் பால் வாடை. எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. ஐயோ நாறுதே என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போக எழுந்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பும் வருகிறது.

"நெசமாவே நாறுதுங்க. உக்காந்து சாப்பிடுங்க."

சகோதரிகளே, தோல் ஷாப்பு அங்கேயேதான் இருக்கிறது. நாற்றம் மல்லிகைப்பூவாக மாறவில்லை, கேட்டால் குடலைப் புரட்டுகிற நாற்றம் என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். உங்கள் வீட்டிலும் யாரையாவது பார்த்தாலே உங்களுக்கு வயிறு குமட்டலாம். வெட்கப்படாமல் கர்த்தரிடம் சொல்லுங்கள். எனக்குக் கேட்கவும் தெரியவில்லை, தப்புத் தப்பாகக் கேட்டேன். என் பிள்ளை இதோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எங்களைக் கூட்டிப்போக வந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், பாருங்கள்.