சாவு வீட்டு டீ

ராயபுரத்தில் நாங்கள் கீழ்வீடு. மாடியில் ஒரு சட்டைக்காரக் குடும்பம். ஆங்கிலோ இந்தியர்களை அப்போது எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். அங்கிள் ரயில் எஞ்சின் டிரைவர். ஆன்ட்டிக்கும் என் அம்மாவுக்கும் அப்படி ஓர் ஒட்டுதல். அவர் பேசும் தமிழில் பாதி இவளுக்குப் புரியாது. ஆனாலும் சாயந்திரமானால் மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் பேச்சு ஓயாது. அம்மாவுக்கு அந்தத் தெருவில் வேறு சிநேகிதம் கிடையாது.

திடீரென்று மாரடைப்பில் அங்கிள் போய்விட்டார். அம்மா மாடிக்கு ஓடி, ஆன்ட்டியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியதும் மேசையில் டீயும் கேக்கும் வைத்திருந்தார்கள். நாங்கள் என்ன செய்வோம்? சாவு வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். சொல்லிக்கொண்டும் கிளம்ப மாட்டோம். "வரேன்" என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடுமே! சத்தமில்லாமல் இறங்கி வந்து தலைமுழுகினோம்.

அதோடு ஆன்ட்டியின் பேச்சு நின்றது. படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "நான் இன்னா தப்பு பண்ணேன்? ஒன்னும் புரிலியே" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் குழாயடியில் ஆன்ட்டியின் மகளை மறித்து நின்றுகொண்டேன்.

"உங்கம்மாவுக்கு எங்கம்மா மூஞ்ச பாத்தா எப்டி கீது? இன்னா பண்ணாங்க அவங்க?"

"மம்மி அழுதுகினே கேக்கு வெட்டி வச்சாங்க. உங்க வூட்ல ஒர்த்தரும் தொடல. ஒரு வார்த்த சொல்லாம ஓடிட்டீங்க. நாங்க இன்னா, அவ்ளோ கலீஜா?"

"அடிப்பாவி! சாவு வூட்ல எவளாவது கேக்கு துன்னுவாளா?"

கத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது. அவளும் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்களுக்கு வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புனாதான் அவமானம்" என்றாள், மெதுவாக. எங்கள் வழக்கத்தை நான் சொன்னேன். இரண்டு பேரும் அவரவர் வீட்டுக்கு ஓடினோம்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மாடியேறிவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். பதினாறாம் நாள்கூட இன்னும் ஆகவில்லை. அம்மாவுக்கு அது இன்னும் சாவு வீடுதான். ஆனாலும் போய் அதே மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னிக்கு குடிக்காத டீய இப்ப குடு."

 ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே டீ போட்டுக் கொண்டுவந்தார். அம்மாவும் அழுதுகொண்டே ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அம்மா எழுந்ததும் ஆன்ட்டி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அம்மா சொல்லிக்கொள்ளாமல் போவதற்குத் தோதாக! மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

அம்மா வாசற்படியில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு உரக்கவே சொன்னாள்: "அக்கா, போய்ட்டு வரேன்."

ஆன்ட்டி திரும்பினார். "நாளைக்கும் வா."